டப்பாவில் குறைந்த நீர்

புற்றுநோய்க்காக மார்பை எடுத்தபின் தோலுக்கடியில் சுரக்கும் நீர் வெளியே வருவதற்கு, அக்குளுக்குக் கீழே ஒரு குழாய் விட்டு, அதன் முனையில் மடிப்பு மடிப்பான பிளாஸ்டிக் டப்பாவை மாட்டுவார்கள். டப்பாவை அழுத்திச் சுருக்கி மூடினால் அது மெல்ல விரிந்து நீரை உறிஞ்சும். மைசூரில் அந்த மருத்துவமனையின் பெண்கள் அறுவைப் பிரிவில் பலரும் அதைத் துணிப்பையில் போட்டு இடுப்பில் தொங்கவிட்டு நடந்தார்கள். காலையில் டாக்டர் ஹேமந்த் அளவுக் குவளையோடு வந்து ஒவ்வொரு டப்பாவையும் தன் கையாலேயே திறந்து அளப்பார்.

அது அவருடைய மேற்படிப்புக்கான ஆய்வு. தோலைப் பிரித்தெடுக்கப் பழைய கத்தி நல்லதா, மின்சாரத்தால் சுட்டு வெட்டும் கருவி நல்லதா என்பது கேள்வி. மின்கருவியில் ரத்தம் அதிகம் போகாது. ஆனால் சூடுபட்ட சதையில் பிறகு நீர் கட்டும், கத்திக் காயம் சீக்கிரம் காயும் என்று அவர் நம்பினார். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் போல ஒட்டிய உறைக்குள் இருக்கும் சீட்டு தீர்மானிக்கும். நோய் தீர்வதில் வித்தியாசம் இல்லை, வேண்டாம் என்றால் விலகிக்கொள்ளலாம் என்று எல்லோரிடமும் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்.

தமிழக எல்லையோரத்துக் கோபிநத்தத்திலிருந்து வந்த பூவாத்தாளுக்கு உறையில் கத்தி வந்தது. பக்கத்துக் கட்டில் லிங்கம்மாவுக்கு மின்கருவி. லிங்கம்மா சாமராஜநகர் சந்தையில் காய்கறி விற்கிறவள். வாய் சும்மா இருக்காது.

"எனக்குக் கரண்ட்டு, உனக்குக் கத்தி. நான் மிக்ஸி, நீ அம்மிக்கல்லு."

"அரைபட்டது ரெண்டும் ஒண்ணுதானுங்கக்கா," என்றாள் பூவாத்தாள். வார்டே சிரித்தது.

அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. பூவாத்தாளின் அக்குள் நெறிக்கட்டிகளிலும் நோய் பரவியிருப்பதாகப் பரிசோதனை முடிவு வந்தது. தையல் ஆறியதும் கீமோ மருந்து ஊசி தொடங்கிவிட வேண்டும், தள்ளிப்போட முடியாது, நோய் கழுத்துக்கு ஏறிவிட்டால் பிறகு அறுத்தும் பயனில்லை என்று பெரிய டாக்டர் அவள் மகள் ஜீவிதாவிடம் கன்னடத்தில் சொன்னார். மைசூரிலேயே மேட்டகள்ளியில் வாடகைக்கு இருந்து கார்மெண்ட்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் ஜீவிதா, கடைசியாகச் சொன்னதை மட்டும் விட்டுவிட்டு, அம்மாவுக்குத் தமிழில் சொன்னாள். காயம் ஆறுவதுதான் இனி எல்லாமே என்பது பூவாத்தாளுக்குப் புரிந்தது.

லிங்கம்மாவின் டப்பாவில் நீர் வற்றிக்கொண்டு வந்தது. பூவாத்தாளின் டப்பாவில் வற்றவில்லை.

"என்னக்கா இது, கபினி டேம் கேட்டைத் தொறந்த மாதிரி வருது?" லிங்கம்மா எட்டிப் பார்த்தாள். "கரண்ட்டுல சுட்டா வாய் அடைச்சுக்கும் இல்லையா? கத்தியில அறுத்தது எப்படி அடையும்? நிக்கலைன்னா திரும்ப உள்ள தள்ளிட்டுப் போய்ச் சுட்டு அடைப்பாங்க."

"ஆருங்க சொன்னது?"

"யாரு சொல்லணும்? ராமக்காளை எதுக்குக் கொண்டுபோனாங்க?"

எதிர்க் கட்டில் ராமக்காளுக்குக் கட்டுக்குள் ரத்தம் கசிந்து, இரண்டாம் முறை ஆபரேஷன் அறைக்குள் கொண்டுபோயிருந்தார்கள். அவள் திரும்பவில்லை. அவளுடைய சொம்பையும் செருப்பையும் எடுத்துப்போக அவள் கணவன் வந்ததைப் பூவாத்தாள் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மத்தியானம் மகளைக் குளியலறைக்குக் கூப்பிட்டாள்.

"ஜீவி, இந்த மூடியத் தொற கண்ணு. முக்காவாசிய ஊத்திரு."

"பேடம்மா, வேண்டாம். நாளைக்கு டாக்டர் அளக்கணும்ல?"

"அவரு அளப்பாருன்னுதான் சொல்றேன். என்னைய மறுக்கா உள்ள தள்ளோணுமா? ராமக்கா மாதிரி நானும் போயர்றதா?"

எப்படியும் கொட்டப்போகிற நீர்தானே என்று ஜீவிதா நினைத்தாள். தொட்டியில் ஊற்றிவிட்டு மூடியைத் திருகினாள். டப்பாவை அழுத்திச் சுருக்கி மூட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. விரிந்துபோன டப்பா, மறுநாள் காலை டாக்டர் அளந்து மூடும்வரை எதையும் உறிஞ்சவில்லை.

மறுநாளும் அப்படியே செய்தார்கள். அதற்கடுத்த நாள், உறிஞ்சாமல் கிடந்த குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டதால், ஊற்றுவதற்கு அதிகம் இல்லை. சாமி கண் திறந்துவிட்டது என்றாள் பூவாத்தாள்.

டப்பா காற்றடைத்து விரிந்து கிடந்ததை ஹேமந்த் பார்த்தார். மூடி தளர்ந்திருக்கும் என்று நினைத்து அழுத்தி இறுக்கினார். குவளையில் நீர் குறைந்திருந்தது அவருக்குப் போதுமானதாக இருந்தது.

"சூப்பர் அம்மா! லிங்கம்மா, பாத்தீங்களா? உங்க மிக்ஸியை அம்மிக்கல்லு தோக்கடிச்சிடுச்சு."

கட்டின் மேல் கை வைத்துப் பார்த்தபோது தோல் கொஞ்சம் பொதபொதவென்று இருந்தது. வீக்கம்தான், வற்றிவிடும் என்று குழாயை உருவினார். பூவாத்தாள் கொள்ளேகால் பஸ் ஏறி ஊருக்குப் போனாள்.

மருந்து ஊசிக்குக் குறித்த நாளுக்கு முன்பே திரும்பி வந்தாள். காய்ச்சல். நெஞ்சுத் தோல் தவில் போல இறுகி, தையல் ஓரம் கறுத்திருந்தது. ஹேமந்த் ஊசி போட்டு இழுத்தார். கலங்கலாக வந்தது, நாறியது.

"இவ்வளவு எங்கிருந்து வந்துச்சு? டப்பா காஞ்சுதான இருந்துச்சு?"

ஜீவிதா அழத் தொடங்கினாள். நடந்ததைக் கன்னடமும் தமிழுமாகச் சொன்னாள். ஹேமந்த் கையுறையைக் கழற்றாமல் நின்றார்.

"ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? கத்தியோ கரண்ட்டோ, நீர் நிக்கலைன்னா கொஞ்ச நாள் டியூபோட இருந்திருப்பீங்க. அவ்வளவுதான். யாரும் திரும்ப வெட்ட மாட்டாங்க."

"கேக்கலாம்னுதான் இருந்தனுங்க சாமி. கொறஞ்சிருச்சுன்னதும் நீங்க அத்தன சந்தோசப்பட்டீங்க. அப்புறம் எப்படிங்க சொல்றது?"

அவர் ஆபரேஷன் அறையைத் தயார் செய்யச் சொல்லி நர்சை அனுப்பினார்.

எதற்குப் பயந்தாளோ அங்கேயே அவளைக் கொண்டுபோனார்கள். செத்த தோலை வெட்டியெடுத்தார்கள். புண்ணைத் தைக்க முடியாமல் துணி திணித்து, உள்ளிருந்து ஆறட்டும் என்று விட்டார்கள். திறந்த புண்ணோடு மருந்து ஊசி போட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சர்க்கரையும் இருந்ததால் சதை மெதுவாகத்தான் வளர்ந்தது. லிங்கம்மா இரண்டு ஊசி முடித்து, மொட்டைத் தலையில் துண்டு கட்டி வந்து எட்டிப் பார்த்தாள். கேலி எதுவும் செய்யவில்லை. சாத்துக்குடிப் பையை வைத்துவிட்டுப் போனாள்.

கட்டு மாற்றும் வேலையை ஹேமந்த் நர்சிடம் விடாமல் தானே செய்தார். ஒருநாள் பஞ்சை எடுத்து ஓரங்களைத் துடைத்துக்கொண்டே வந்தவரின் விரல் கழுத்தெலும்புக்கு மேலே நின்றது. அங்கே கடினமாக ஒன்று, அவரைக்கொட்டை அளவில், தோலுக்கடியில் நகராமல் இருந்தது.

"இது எப்போலேர்ந்து இருக்கு?"

"அதுங்களா? போன வாரம் மேலு தொடைக்கறப்ப தட்டுச்சுங்க."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

பூவாத்தாள் மகளைப் பார்த்தாள். ஜீவிதாவுக்கும் அது புதிது.

"சொல்லலீங்க," என்றாள் பூவாத்தாள். "சொன்னா மறுக்கா அறுப்பீங்கன்னுதான்."

ஹேமந்த் விரலை எடுக்கவில்லை.

"இல்லம்மா. இதை அறுக்க மாட்டோம்."

"நெசமாலுங்களா?"

"நெசமாத்தான்."

பூவாத்தாளின் தோள் தளர்ந்தது. தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஜீவிதா டாக்டரின் முகத்தைப் பார்த்துவிட்டு, கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.