ஞாயிற்றுக்கிழமை மாட்டிய கதவுகள்

பள்ளிப் பெற்றோர் குழுவின் செயலாளர் பதவி டைலரக்காவின் தலையில் வந்து விழுந்ததற்கு அவளுடைய கையெழுத்து நன்றாக இருந்ததுதான் காரணம். வேறு தகுதி எதையும் யாரும் கேட்கவில்லை. மூன்று வருடத்தில் அந்தக் கையெழுத்தில் பதினோரு மனுக்கள் போய்விட்டன. எல்லாவற்றிலும் ஒரே விஷயம்தான். பள்ளியில் பெண் பிள்ளைகளின் கழிப்பறைகள் மூன்றுக்கும் கதவு கிடையாது. பதினொன்றும் கிணற்றில் போட்ட கல். கல்வி அலுவலகத்துக்கு நடையாய் நடந்து டைலரக்காவின் செருப்புதான் தேய்ந்தது. போனால் மேஜைக்காரர் சாப்பிடப் போயிருப்பார். சாப்பிட்டுவிட்டு வந்தால், இது இந்த மேஜை இல்லை, பக்கத்து மேஜை என்பார்.

அவளுடைய மகள் எட்டாம் வகுப்பு. ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் காலையில் கிளம்புவாள். சாயங்காலம் வந்ததும் பையை வீசிவிட்டு நேரே கழிப்பறைக்கு ஓடுவாள். இந்த வருடம் இரண்டு தடவை சிறுநீரில் கிருமி என்று காய்ச்சலில் படுத்துவிட்டாள். பிள்ளையைத் தண்ணீர் குடிக்க வைக்கக்கூடத் தெரியாதா என்று டாக்டர் டைலரக்காவைத்தான் திட்டினார், என்னவோ அவள் குடத்தை ஒளித்து வைத்திருப்பதைப் போல. வகுப்பில் நான்கு பெண்கள் ஏற்கெனவே படிப்பை நிறுத்திவிட்டார்கள். போன வாரம் மகளும் சொல்லிவிட்டாள்.

"இந்த மாசம் பாப்பேன்மா. கதவு வரலைன்னா நானும் நின்னுடுவேன்."

கத்தியிருந்தால் சமாதானம் சொல்லியிருக்கலாம். அவளோ சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்கிற குரலில் சொன்னாள்.

அந்த வாரமே கல்வி அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. திங்கட்கிழமை பத்து மணிக்கு அதிகாரி நேரில் வந்து பார்வையிடுவார் என்று இரண்டே வரி. டைலரக்காவின் தையல் கடையில் துணி மூட்டைகள் மேல் உட்கார்ந்து குழு கூடியது. கடிதம் கைக்குக் கை மாறியது, ஒருத்தர் விடாமல் எல்லாரும் வாசித்தார்கள். குழுத் தலைவர் தச்சர், வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவர், இரண்டு தடவை வாசித்தார். பிறகு அவர்தான் ஆரம்பித்தார். பெரிய மனுஷர் ஒருத்தர் வரப் போகிறார், அந்த நாற்றத்திலா கொண்டுபோய் நிறுத்துவது, நம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்று கேட்டார். நியாயமாகத்தான் பட்டது. டைலரக்காவுக்கு எல்லாரையும்விட அதிக நியாயமாகப் பட்டது, ஏனென்றால் அவரை அழைத்துப்போய்க் காட்ட வேண்டியவள் அவள்தானே.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேலை நடந்தது. ஆளுக்கொரு துடைப்பத்தோடு வந்து, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, மூன்று வருடக் கறையைச் சுரண்டி எடுத்தார்கள். பிளீச்சிங் பவுடர் தூவி, வாசலில் ஒரு டிரம் நிறையத் தண்ணீர் பிடித்து வைத்தார்கள். மத்தியானம் தச்சர் ஒரு வண்டியில் மூன்று கதவுகளோடு வந்து இறங்கினார். யாரோ ஒருவருடைய புது வீட்டுக்குச் செய்து முடித்தவை, செவ்வாய்க்கிழமை கொடுக்க வேண்டியவை. இரண்டு நாள் இங்கே நின்றால் தேய்ந்தா போகும் என்று சொல்லி, உள்தாழ்ப்பாளோடு மாட்டியும் கொடுத்தார். டைலரக்கா சற்றுத் தள்ளி நின்று பார்த்தாள். இடுப்பு விட்டுப்போன அந்த நேரத்திலும் அவளுக்குப் பெருமையாக இருந்தது. நம்மைப் போன்ற புத்திசாலிகளை எங்கே போய்த் தேடுவது!

அதிகாரி சொன்ன நேரத்துக்கே வந்தார். கெட்டவராகத் தெரியவில்லை. அவரும் இரவெல்லாம் தூங்காதவர் போல இருந்தார். ஒவ்வொரு கதவாகத் திறந்தார், மூடினார், தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார். கையிலிருந்த படிவத்தில் 'கதவு: உண்டு' என்று மூன்று இடத்தில் எழுதினார். தான் பார்த்த பள்ளிகளிலேயே இதுதான் சுத்தம் என்று மெச்சிவிட்டு, கையெழுத்துப் போடச் சொல்லிப் படிவத்தை டைலரக்காவிடம் நீட்டினார்.

கதவு உண்டு என்று கையெழுத்துப் போட்டால் இனி கதவே வராது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தச்சரைப் பார்த்தாள். வாய் ஓயாத மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைமை ஆசிரியை கையைப் பிசைந்தார்.

"சார், இது எங்க கதவு இல்ல. நேத்து நாங்க இரவல் வாங்கி மாட்டினது. நாளைக்குக் கழட்டிடுவோம்."

"ஏம்மா அப்படிச் செஞ்சீங்க?"

நீங்கள் வருகிறீர்கள் என்றுதான் என்று எப்படிச் சொல்வது? அதிகாரி படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். இரவல் என்று எழுத அதில் இடமில்லை. இப்படியே விட்டுப் போனால் இந்தப் பள்ளியின் முறை மறுபடி வர மூன்று வருடமாகும் என்று மெதுவாகச் சொன்னார். பிறகு புதிதாக ஒரு படிவத்தை எடுத்தார்.

"கண்ணால பாக்கறதைத்தாம்மா நான் எழுத முடியும். பதினோரு மணிக்கு நான் அடுத்த பள்ளிக்கூடத்துல இருக்கணும்."

அவர் சொன்னது எல்லாருக்கும் புரிந்தது. கதவுகளைக் கழற்றத் தச்சர் திருப்புளியை எடுத்தார். அதே நேரம் இடைவேளை மணி அடித்தது.

பெண் பிள்ளைகள் திமுதிமுவென்று வந்து வரிசை கட்டினார்கள். கதவு வந்துவிட்டது என்று காலையிலேயே வகுப்பில் செய்தி பரவியிருந்தது. சிரிப்பும் தள்ளுமுள்ளுமாக நின்றவர்கள் தச்சரின் கையைப் பார்த்ததும் அடங்கிப் போனார்கள். வரிசையில் மகளும் நின்றாள். டைலரக்கா அதிகாரியிடம் ஐந்து நிமிஷம் மட்டும் என்று கெஞ்சினாள். அவர் தள்ளிப்போய் முதுகு காட்டி நின்றுகொண்டார்.

ஐந்து நிமிஷத்தில் எத்தனை பேர் போக முடியுமோ அத்தனை பேர் போனார்கள். மகளும் போனாள். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. மீதிப் பெண்களைத் தலைமை ஆசிரியை வகுப்புக்கு விரட்டினார்.

தான் மாட்டியதைத் தானே கழற்றத் தச்சருக்கு மனம் வரவில்லை. திருப்புளியை அவரிடமிருந்து வாங்கி டைலரக்காவே கீலில் வைத்தாள். திருகு சுலபத்தில் கழன்று வந்தது. கதவு சாயப் போனபோது மகள் வந்து மறுபக்கம் பிடித்துக்கொண்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றையும் சுவரோரம் சாய்த்து வைத்த பிறகு அதிகாரி வந்து பார்த்தார். 'கதவு: இல்லை' என்று மூன்று இடத்தில் எழுதினார். டைலரக்கா தன் நல்ல கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தாள். கதவு எப்போது வரும் என்று மகள் அவரிடமே கேட்டாள். தெரியவில்லை, ஒரு வருடம்கூட ஆகலாம் என்றார். பொய் சொல்லாத அந்த மனிதர்மேல் கோபப்படக்கூட முடியவில்லை.

அவர் போன பிறகு டைலரக்கா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மகளின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

"நாளையிலேர்ந்து நீ வீட்டுல இருந்துக்கோ கண்ணு. நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இல்லம்மா, வரணும். நாங்களும் நின்னுட்டா, பொண்ணுங்களே வர்றதில்ல, கதவு எதுக்குன்னு எழுதிடுவாங்க."

பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது. டைலரக்கா அவள் கையை இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.