கரி வண்டிப் பந்தயம்

1943 ஏப்ரல் 29, வியாழக்கிழமை. ஜப்பானியச் சக்கரவர்த்தியின் பிறந்தநாளை முன்னிட்டுக் கிள்ளான் திடலில் ஒன்பது பழைய கார்கள் வரிசையாக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன.

அவற்றில் ஓர் ஆஸ்டின் காரின் முன்சக்கரத்தடியில் வீரம்மா எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டிருந்தாள். பழம் சின்னது. புல்லின் ஈரத்தில் வழுக்கி வழுக்கி வெளியே வந்தது.

"அண்ணி, சீக்கிரம். சிப்பாய் பாக்குறான்," என்றான் கன்னையா, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

"பாக்கட்டும். உங்க அண்ணன் சொல்லி அனுப்பிச்சது."

ஒரு வழியாகப் பழம் நின்றது. வீரம்மா எழுந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கயிற்றுக்கு அப்பால் கூட்டத்தோடு போய் நின்றாள். வீட்டுக்கு ஒருவர் வந்தாக வேண்டும் என்பது உத்தரவு. வந்தவர்கள் கையில் ஆளுக்கொரு காகிதக் கொடியைக் கொடுத்திருந்தார்கள்.

நல்ல கார்களையெல்லாம் ராணுவம் முன்பே கொண்டுபோய்விட்டது. இவை ராணுவமே வேண்டாமென்று ஒதுக்கியவை. பித்தளை விளக்கு வைத்த ஃபோர்டு ஒன்று, கூரைத் துணி கிழிந்த மோரிஸ் ஒன்று, கதவுக்குப் பதில் பலகை அடித்த இன்னொன்று. வெள்ளைக்காரன் விட்டுவிட்டு ஓடியவை என்று மலாயிலும் தமிழிலும் எழுதித் தட்டி கட்டியிருந்தார்கள். பெட்ரோல் இல்லாத காலம். ஒவ்வொரு காரின் முதுகிலும் பீப்பாய் அளவில் ஒரு கரி அடுப்பைப் பொருத்தி, அதன் புகையில் எஞ்சினை ஓட வைத்திருந்தார்கள்.

"காரைவிட அடுப்பு பெருசா இருக்குலா," என்றான் கூட்டத்தில் ஒருவன்.

"அப்படியே அதுல சோறு வடிச்சுடலாம்."

"வடி, வடி. அரிசி யாரு, ஒன் மாமனாரா தருவாரு?"

சிரித்தார்கள். சிப்பாய் திரும்பிப் பார்த்ததும் கொடிகளை ஆட்டினார்கள்.

வீரம்மா கார்களைப் பார்க்கவில்லை. மேடையருகே வெள்ளைத் துணி விரித்த மேசையின் மேல் முதல் பரிசு இருந்தது. சிறிய பை நிறைய அரிசி. பக்கத்தில் பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டி ஒன்று. புட்டியில் இருப்பது மலேரியாவுக்குத் தரும் கொய்னா மாத்திரை என்று முதல் நாளே தெருவில் அறிவித்திருந்தார்கள்.

அவள் கணவன் அய்யாவுக்கு மலேரியாக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். பாசாருக்குப் பின்னால் ஒருவன் ஒளித்து விற்ற மாத்திரையை வாங்கிக் கொடுத்துப் பார்த்தாள். காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது. சந்தேகப்பட்டு ஒன்றைத் தண்ணீரில் போட்டபோது கஞ்சியாய்க் கரைந்தது. மரவள்ளி மாவில் மஞ்சள் கலந்து உருட்டியது.

இந்த ஆஸ்டின், அய்யாவு வெள்ளைக்காரத் துரையிடம் டிரைவராக இருந்தபோது ஓட்டிய வண்டி. துரை குடும்பத்தோடு சிங்கப்பூருக்கு ஓடியபோது, பங்களாவுக்குப் பின்னாலிருந்த ரப்பர் கொட்டகையில் இதை நிறுத்திவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் அய்யாவு போய்த் துடைத்துவிட்டு வருவான். பந்தயத்தில் அவன்தான் ஓட்ட வேண்டும் என்று நகர அலுவலகத்திலிருந்து ஆள் வந்தபோது, அவன் பாயில் குளிரில் உதறிக்கொண்டிருந்தான். லோரி ஓட்டப் பழகியிருந்த தம்பி கன்னையாவை அனுப்பச் சம்மதம் வாங்கினார்கள்.

காலையில் புறப்படும்போது அய்யாவு தம்பியைக் கிட்டே கூப்பிட்டான். பற்கள் தந்தியடிக்க, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்.

"கரியில ஓடுற வண்டி சோம்பேறிடா. நீ மிதிச்சப்புறம் யோசிச்சுத்தான் எழும்பும். கொடி இறங்கட்டும்னு பாத்துக்கிட்டு நின்னா போச்சு. கொடிக்காரன் வாயைத் தொறந்ததும் விட்டுடு."

"சரிண்ணே."

"எலுமிச்சம்பழம் வைக்கச் சொல்லு."

பக்கத்து வீட்டு இராஜம்மா அவனுக்குத் துணை இருப்பதாகச் சொன்னாள். புட்டி கைக்கு வந்ததும் வாங்கிக்கொண்டு ஓடி வந்துவிடலாம் என்றுதான் வீரம்மா கிளம்பி வந்தாள்.

கார்கள் புறப்படும் கோட்டுக்கு வந்தன. ஆஸ்டினுக்கு அந்தப் பக்கம் பித்தளை விளக்கு ஃபோர்டு. அதை ஓட்டியவர் நகர அலுவலகக் குமாஸ்தா கார்த்திகேசு. பிரிக்ஃபீல்ட்ஸ்காரர், யாழ்ப்பாணத்து மனிதர். அடுப்புகளைக் கிளறிவிட்டார்கள். ஒன்பது வண்டிப் புகையும் ஒன்றாய்ச் சேர்ந்து கோட்டின் மேல் கவிந்தது. முக்காலியின் மேல் ஏறி நின்ற அதிகாரியின் வெள்ளைக் கொடி வீரம்மாவுக்கே தெரியவில்லை.

குரல் மட்டும் வந்தது.

புகையைக் கிழித்துக்கொண்டு ஆஸ்டின் வெளியே வந்தது. கூட்டம் ஓவென்று கத்தியது. வீரம்மாவும் தன்னை மறந்து காகிதக் கொடியைத் தூக்கினாள். கன்னையா ஸ்டியரிங்கின் மேல் கவிழ்ந்து, வண்டியை நெஞ்சால் தள்ளுகிறவன் போலப் போய்க்கொண்டிருந்தான். பின்னால் ஒரு காரும் வரவில்லை. அதைத் தன் வேகத்துக்குக் கிடைத்த மரியாதை என்றே அவன் நினைத்திருப்பான். அவளும் அப்படித்தான் நினைத்தாள். விசில் ஊதியபடி இரண்டு சிப்பாய்கள் குறுக்கே ஓடுவதைப் பார்க்கும்வரை.

அவனை இறக்கினார்கள். அதிகாரி முக்காலியிலிருந்து இறங்கி வந்து கன்னத்தில் அறைந்தார். தொப்பி விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவனை மறுபடியும் அறைந்தார். பிறகு பரிசு மேசைக்குப் பக்கத்தில் வெயிலில் தலை குனிந்து நிற்க வைத்தார்கள். புட்டிக்கும் அவனுக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை.

பந்தயத்தை மறுபடி தொடங்கினார்கள். எட்டுக் கார்கள் ஓடின. கார்த்திகேசுவின் ஃபோர்டு முதலில் வந்தது. கூட்டம் கொடியை ஆட்டியது.

வண்டியைத் திடலிலேயே விட்டுவிட்டு இரயில் பாதை ஓரமாக இருவரும் நடந்தார்கள். கன்னையாவின் இடது கன்னம் வீங்கிக் கண்ணை மூடியிருந்தது. சிக்னல் கம்பத்தைத் தாண்டிய பிறகுதான் வாய் திறந்தான்.

"யோஷின்னு கேட்டுச்சு அண்ணி."

வீரம்மாவுக்கு அந்தச் சொல் தெரியும். கன்னையா ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டில் ஜப்பான்காரக் கங்காணியிடம் மூட்டை தூக்குகிறவன். நான்கு பேர் நான்கு மூலையைப் பிடித்துக் குனிந்து நிற்பார்கள். கங்காணி 'யோஷி' என்றால் தூக்க வேண்டும். அதற்கு முன்னால் தூக்கினாலும் அடி, பிந்தினாலும் அடி. தூக்கத்தில்கூட அவன் அந்தச் சொல்லைச் சொல்லிப் புரண்டு படுப்பதை அவள் கேட்டிருக்கிறாள்.

"அவன் சொன்னது யோஷி இல்லையாம். யோய்யாம். தயாரா இருன்னு அர்த்தமாம். அந்தக் குமாஸ்தா ஐயா சொன்னாரு. அவரு ஜப்பான் பாசை படிச்சவரு." கொஞ்சம் நடந்த பிறகு சொன்னான்: "புகையில ஒண்ணும் தெரியல. அண்ணன் வேற வாயைத் தொறந்ததும் விடுன்னுச்சு."

"அத உங்க அண்ணன்கிட்ட வந்து சொல்லாதீங்க."

"சொல்ல மாட்டேன்."

வீரம்மா உள்ளே நுழைந்தபோது அய்யாவு விழித்திருந்தான். மேலே இரண்டு கோணிச் சாக்கு, அவற்றின் மேல் அவனுடைய பழைய காக்கிக் கோட்டு. அப்படியும் பாய் நடுங்கியது. இராஜம்மா எழுந்து இடம் விட்டாள். கன்னையா வாசற்படிக்கு வெளியே மறைவாக நின்றுகொண்டான்.

"வண்டி எழும்புச்சா?" என்றான் அய்யாவு.

"எழும்புச்சு."

"பழம்?"

"நசுங்கிடுச்சு."

"முன்னாடி போனானா?"

"எல்லாருக்கும் முன்னாடி போனாப்ல," என்றாள் வீரம்மா.

அய்யாவு உதட்டை நாக்கால் தடவினான். "நான் சொன்னேன்ல. வாயைத் தொறந்ததும் விடுன்னு." வாசல் பக்கம் கண்ணைத் திருப்பினான். "எங்க அவன்?"

"மூஞ்சி கழுவப் போயிருக்காப்ல."

புட்டியைப் பற்றி அவன் கேட்கவில்லை. அவள் வெறுங்கையோடு வந்ததை உள்ளே வரும்போதே பார்த்திருப்பான்.

இராஜம்மா பனை எண்ணெய் ஊற்றி விளக்கேற்றிய நேரத்தில் நடுக்கம் நின்றது. காய்ச்சல் விட்டுவிட்டதென்று வீரம்மா சாக்கை விலக்கினாள்.

மறுநாள் காலை வாசலில் மூங்கிலை வெட்டிப் பாடை கட்டினார்கள். கோடித் துணி எந்தக் கடையிலும் இல்லை. இராஜம்மா கோதுமை மாவுச் சாக்கு ஒன்றைப் பிரித்து வெளுத்துக் கொண்டுவந்தாள். எவ்வளவு வெளுத்தும் எழுத்து முழுதாகப் போகவில்லை. எழுத்து உள்பக்கம் போகும்படி மடித்துப் போர்த்தினார்கள்.

கார்த்திகேசு குடையை மடக்கியபடி படியேறி வந்தார். கையில் அந்தச் சிறிய அரிசிப் பை.

"தங்கச்சி, நேற்றைக்குப் பந்தயத்திலை கிடைச்சது. இந்த நேரத்திலை நீங்கள் அரிசிக்கு எங்கை போவியள்? வாய்க்கரிசிக்காவது ஆகட்டும்."

வீரம்மா பையை வாங்கினாள். அவர் கையை இன்னொரு முறை பார்த்தாள்.

"புட்டி?"

கார்த்திகேசு குரலைத் தாழ்த்தினார். "படம் பிடிச்சு முடிஞ்ச உடனை திருப்பி வாங்கிப்போட்டாங்கள். படத்துக்கு மட்டுந்தான் என்ரை கையிலை இருந்தது."

"யாரு ஜெயிச்சிருந்தாலுமா?"

"ஆர் வெண்டிருந்தாலும் அதுதான்."

வீரம்மா கன்னையாவைத் தேடினாள். அவன் பாடையின் தலைமாட்டில் குந்தி, ஏற்கெனவே போட்ட முடிச்சையே அவிழ்த்து அவிழ்த்து இறுக்கிக்கொண்டிருந்தான். அவனிடம் போக அவள் இரண்டடி வைத்தாள். அதற்குள் இராஜம்மா கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

வாய்க்கரிசி போட வரிசையாக வந்தார்கள். உடையாத வெள்ளை அரிசி. தெருவில் யாரும் அதைப் பார்த்து வெகுநாளாகியிருந்தது. கைநிறைய அள்ளிய ஒரு பெண் அரிசியைப் பார்த்தாள், பிணத்தைப் பார்த்தாள். பிறகு நாலைந்து மணியை மட்டும் வாயில் போட்டுவிட்டு மிச்சத்தைப் பைக்குள்ளேயே விட்டாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் அப்படியே செய்தார்கள்.

பாடையைத் தூக்க நான்கு பேர் குனிந்தார்கள். நால்வரும் கூட்ஸ் ஷெட் ஆட்கள். தலைமாட்டின் இடது மூலையில் கன்னையா. எல்லோரும் மூங்கிலைப் பிடித்தாகிவிட்டது. பின்னாலிருந்தவன் பழக்கத்தில் சொன்னான்:

"யோஷி."

மூன்று மூலைகள் எழும்பின. கன்னையாவின் மூலை தரையிலேயே இருந்தது. பாடை சாய்ந்து, சாக்குத் துணிக்குள் அய்யாவுவின் தலை ஒரு பக்கமாய்ச் சரிந்தது. பிடி, பிடி என்று கத்தினார்கள். மறுபடி இறக்கி வைத்தார்கள். சொன்னவன் நாக்கைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்தான்.

கன்னையா இரண்டு கையாலும் மூங்கிலைப் பிடித்தபடியே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் எதையோ கேட்கக் காத்திருப்பவன் போலிருந்தது. மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எந்தச் சொல்லைச் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

வீரம்மா படியிறங்கி வந்து சரிந்த தலையை நேராக வைத்தாள். துணியை ஒதுக்கிவிட்டாள்.

"தூக்குங்க தம்பி," என்றாள்.

அவன் தூக்கினான்.

வெயில் ஏறுவதற்குள் அடக்கம் முடிந்தது. கன்னையா குளித்து ஈர வேட்டியோடு வாசலுக்கு வந்தபோது, யார் ஜெயித்திருந்தாலும் படம் பிடித்த பிறகு புட்டியைத் திருப்பி வாங்கியிருப்பார்கள் என்று வீரம்மா சொன்னாள். அவன் வேட்டி நுனியைப் பிழிந்தான். மிச்சமிருந்த அரிசியில் இராஜம்மா கஞ்சி வைத்துக் கொடுத்தாள். மறுநாள் காலை கன்னையா கூட்ஸ் ஷெட்டுக்கு வேலைக்குப் போனான்.