தலையில்லாத கோழிகளின் விண்ணப்பம்

இதில் ஒரு சொல் பொய்யானாலும் என் வலது கை விளங்காமல் போகட்டும். கர்த்தர்மேல் ஆணை.

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் எங்கள் கோழித் தொழிற்சாலை. கொக்கியில் தலைகீழாகத் தொங்கிவரும் கோழிகளின் ஈரலை உருவி எடுப்பது வெர்லீனின் வேலை. வயது அறுபத்தெட்டு. எதிரே நின்று நான் இரைப்பை கிழிப்பேன். கழிப்பறைக்குப் போக வேண்டுமானால் கையைத் தூக்க வேண்டும். மாற்று ஆள் வந்தால்தான் நகரலாம். ஆள் வராது. அதனால் வேலை நாளில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. வெர்லீன் ஞாயிற்றுக்கிழமையும் குடிக்கமாட்டார். பழக்கம் விட்டுப்போய்விடுமோ என்று பயம்.

ஒரு திங்கட்கிழமை, தொங்கிவந்த கோழியிடம் குனிந்து ஏதோ கேட்டார்.

"என்னக்கா, யாருகிட்ட பேசுற?" என்றாள் பக்கத்தில் நின்ற லுசிண்டா.

"இதுங்களுக்கு ஒண்ணுக்குப் போகணுமாம். பாவம், தூக்குறதுக்குக் கை இல்ல."

மேற்பார்வையாளன் டுவைட் வந்தான். "வேலையப் பாரு ஆத்தா. அதுங்களுக்குத் தலையே இல்ல."

"உனக்கு மட்டும் இருக்கோ?"

வரிசையே சிரித்தது. மதியத்துக்குள் வெர்லீன் கோழிகளைக் கொக்கியிலிருந்து விடுவிக்கத் தொடங்கிவிட்டார். அவை தலையில்லாமலே, வரிசை பிசகாமல் கழிப்பறைக்கு நடந்துபோனதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

வெர்லீனைக் கொண்டுபோய்ச் சேர்த்த மனநல மருத்துவமனையில், மூளை தேய்ந்துவிட்டது, வீட்டை விற்று முதியோர் விடுதியில் சேர்த்துவிடுங்கள் என்றார்கள்.

"போன வாரம்கூட சர்ச்சுல பாடுனாங்க சார்," என்றாள் மகள் ரொலாண்டா. "ஒரே வாரத்துலயா தேஞ்சுபோச்சு?"

"வயசானா அப்படித்தாம்மா."

வெர்லீன் அங்கேயும் கையைத் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தார். அதையும் நோயின் அறிகுறி என்று குறித்துக்கொண்டார்கள்.

ரொலாண்டா சம்மதக் கையெழுத்துப் போட வந்த அன்று அம்மாவுக்குக் காய்ச்சல். அதற்காகத்தான் ஒரு செவிலி சிறுநீரைச் சோதித்தாள். முழுக்கக் கிருமி. தண்ணீர் குடிக்காமல் வந்த அந்தத் தொற்றுதான் புத்தியைக் கலக்கியிருந்தது. மருந்து உள்ளே போனதும், வாயில்லாத கோழிகள் வாயை மூடிக்கொண்டன. வீடும் தப்பியது.

தொழிற்சாலை அவரை அன்போடு திரும்ப எடுத்துக்கொண்டது. டுவைட் கேக் வெட்டினான். பிறகு அதே வரிசை, அதே கொக்கி.

லுசிண்டா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "குடிக்கா. டாக்டர் சொன்னாருல்ல?"

வெர்லீன் ஓடும் வரிசையைப் பார்த்தார். வெடித்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டார். மூடியைத் திருகாமலே பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார்.

மருத்துவமனையில் வெர்லீன் இருந்த அறையில்தான் இப்போது என்னை வைத்திருக்கிறார்கள். என் சிறுநீரை இன்னும் யாரும் சோதிக்கவில்லை.