கீழே ஒரு வளையம்

"திஸா ஆற்றின் இரு கரைகளிலும் வாழும் சகல ஜனங்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது: ஒரே ஒரு வில்லைச் செய்து, அதற்குமேல் செய்ய ஏதுமில்லை என்று உளியைக் கீழே வைத்த மாமேதை வராடி டெஜோ விண்ணேகினார். இன்று மூன்று மணிக்கு நல்லடக்கம். அன்னாரின் வில்லிலிருந்தே கல்லறைக்கு மேலாக ஓர் அம்பு எய்யப்படும்."

வில்லாளர் கழகம் தேவாலயக் கதவில் ஒட்டிய அறிவிப்பின் இன்னொரு பிரதி சமையலறை மேஜையில் கிடந்தது. அதன்மேல் இறந்துபோன அண்ணன் டெஜோவின் வில்லைக் கிடத்தி, கைப்பிடியில் தளர்ந்திருந்த தோல்பட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார் அம்ப்ருஷ்.

"பாத்து அவுருங்க. உங்க கைராசி ஊருக்கே தெரியும்" என்றார் கழகத் தலைவர் பர்னபாஷ். ஜூன் வெயிலில் நரித்தோல் குல்லாய் போட்டுக்கொண்டு வியர்வையில் வெந்துகொண்டிருந்தார்.

ஊருக்குத் தெரிந்ததுதான். அம்ப்ருஷ் இதுவரை பதினேழு வில் செய்திருக்கிறார். பதினேழும் உடைந்தன. எல்லாமே இந்த வில்லின் நகல். கிறிஸ்துமஸ் விருந்து முடிந்து அண்ணன் குறட்டை விடும்போது நூல் வைத்து அளந்த அளவுகள். சூட்சுமம் என்னவென்று கேட்டால் அண்ணன் ஒரே பதில்தான் சொல்வார்: "எனக்கு என்னடா தெரியும்? மரம் நல்ல மரம்." தோற்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்த அடக்கத்தைக் கேட்டால்தான் அம்ப்ருஷுக்கு வயிறு எரியும்.

தோல் கழன்று வந்தது. அடியில் மூன்று சாய்ந்த கீறல்கள்.

அது அம்ப்ருஷின் அடையாளம். முப்பத்தோரு வருடத்துக்கு முன் முதன்முதலாக வில் செய்ய எடுத்த அகாசியா மரக் கட்டை. வில்லின் முதுகை, இலக்கைப் பார்த்திருக்கும் பக்கத்தை, சீவும்போது கத்தி வழுக்கி, மரத்தின் வருட வளையம் ஒன்று அறுந்துவிட்டது. முதுகில் வளையம் அறுந்த வில் அந்த இடத்தில்தான் பிளக்கும். அண்ணன் வீட்டு விறகுக் குவியலில் அதை வீசிவிட்டுப் போனவர்தான் அவர்.

வில்லைத் திருப்பிப் பார்த்தார். காயத்தைக் காணோம். முழு நீளத்துக்கும், ஓரிடத்திலும் பிசகாமல், நகக்கனத்துக்குச் சுரண்டி அடுத்த வளையத்தை முதுகாக்கியிருந்தது ஒரு கை. ஒரு குளிர்காலம் முழுக்கப் பிடித்திருக்கும். கீழே இன்னொரு வளையம் இருக்கும் என்பது அம்ப்ருஷுக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை.

"அண்ணி, இதுக்கு மரம் எங்க வாங்கினாரு?"

வில்மா சூப்பிலிருந்து கரண்டியை எடுக்கவில்லை. "வாங்குறதா? நீங்க வேணாம்னு போட்ட விறகு, கொழுந்தனாரே. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் 'இன்னிக்கு அவன்கிட்ட சொல்லிடறேன்'னு கெளம்புவாரு. நீங்க அந்த வில்லையே மொறைச்சிக்கிட்டு உள்ள வருவீங்க. விட்டுடுவாரு."

வாசலில் நின்ற பர்னபாஷுக்கு அது கேட்கவில்லை. "என்ன, ஏதாவது கோளாறா?" என்றார்.

அம்ப்ருஷ் வாயைத் திறந்தார். பதினேழு வில்லை உடைத்தவன், பிணம் மண்ணுக்குள் போகும் நாளில், இது என் வில் என்றால் அந்தக் குல்லாய்க்குக் கீழே முகம் எப்படிப் போகும் என்று தெரிந்தது. சொன்னாலும் பாதிதான் உண்மை. மறுபாதி, அண்ணன் சுரண்டிய அந்த முதுகு, கட்டைவிரலுக்கு அடியில் வழுவழுவென்று இருந்தது. இப்போது அதன்மேல் வயிறு எரிந்தது.

"ஒண்ணுமில்ல" என்று தோலை இறுக்கிச் சுற்றினார்.

இடுகாட்டில் மேயர் இருபது நிமிடம் பேசினார். "இப்படி ஒரு வில்லை இனி யார் செய்யப் போறாங்க? தம்பியும் ஏதோ முயற்சி பண்றவர்தான்..." இருமல் மாதிரி இரண்டு சிரிப்பு எழுந்தது.

"முயற்சியெல்லாம் இல்லீங்க. ஒடைக்கிறேன்" என்றார் அம்ப்ருஷ்.

பர்னபாஷ் நாணை இழுத்தார். வில் சத்தமில்லாமல் வளைந்தது. விரிசல் கேட்குமா என்று முப்பது வருடப் பழக்கத்தில் அம்ப்ருஷின் காது நீண்டது; இம்முறை கேட்டுவிடக் கூடாதே என்று பயந்தது. அம்பு சவப்பெட்டியைத் தாண்டி, லிண்டன் மரத்தைத் தாண்டி உயர்ந்தது. எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள்.

அம்பு பீட்ரூட் வயலில் விழுந்தது. யாரும் தேடிப் போகவில்லை.