ஜோடி பெல்ட்

அந்தப் படை லாரியை அந்த மாதத்தில் மூன்றாவது முறையாகப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஆறு பேர் தள்ள, ஓட்டுநர் யார் முகத்தையும் பார்க்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான்.

“மாமியார் வீடு மாதிரி வாராவாரம் வந்துடறியே,” என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. நான்கு நாளில் அவனுக்கு விடுப்பு. ஏழு மாதத்துக்கு முன் பிறந்த மகளை இன்னும் கையில் வாங்கியதில்லை. வண்டி படுத்ததற்கு ஓட்டுநர்தான் காரணம் என்று பதிவேட்டில் ஏறினால் விடுப்பு போச்சு.

முன்மூடியைத் திறந்தேன். பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரை இரண்டு பெல்ட் சுழற்றுகின்றன. மாற்றினால் ஜோடியாக மாற்ற வேண்டும். போன முறை சரக்கறையில் ஒன்றுதான் இருந்தது. ஒன்றை மட்டும் மாற்றி அனுப்பினேன். இப்போது புதியது விறைத்து நின்றது, பழையது விரல் பட்டதும் தொய்ந்தது. அப்படிப் போட்டால் புதியதுதான் பாரம் முழுவதையும் இழுக்கும். பழையது சும்மா கூடச் சுற்றும். பார்ப்பவர்களுக்கு இரண்டும் வேலை செய்வதுபோலத் தெரியும். என் வீட்டிலும் பதினோரு வருடம் அப்படித்தான் ஓடியது. மனைவி இழுத்தாள், நான் சும்மா கூடச் சுற்றினேன். பிறகு அவள் போய்விட்டாள்.

புது ஜோடி மாட்டி, வேறு பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்துக் கிளப்பினேன். கிறீச்சிடவில்லை. மீட்டர் இருபத்தெட்டு வோல்ட் காட்டியது. சந்தேகம் போகாமல் இரண்டு பேட்டரியையும் தனித்தனியே அளந்தேன். இரண்டும் பதினான்கு காட்ட வேண்டும். ஒன்று பதினைந்து, மற்றது பதின்மூன்று. இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றுக்கு மட்டும் சோறு போட்ட கதை. இளைத்த பேட்டரியிலிருந்து மெல்லிய ஒயர் ஒன்று சீட்டுக்கு அடியில் போனது. முனையில் போன் சார்ஜர்.

“இது என்னடா?”

“கொட்டகைல ஒரே பிளக்கு, நாப்பது பேருண்ணே.”

“போனுக்கா வண்டி படுத்துது? எவ்வளவு நேரம் போடுவே?”

“விடிய விடிய. அவ வீடியோவை அணைக்காம தொட்டில் பக்கத்துல வெச்சிடுவா. பாப்பா தூங்கறதைப் பாத்துக்கிட்டிருப்பேன்.”

“அழுதா?”

“பாத்துக்கிட்டிருப்பேன். வேற என்ன பண்ண?”

ஒயரை வெட்டினேன். எஞ்சினை அணைத்து, பேட்டரி இரண்டையும் இறக்கி, வேறு ஜோடி ஏற்றி மறுபடி கிளப்பினேன். பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில், ‘பெல்ட் ஒன்றை மட்டும் மாற்றியது மெக்கானிக்கின் தவறு’ என்று எழுதினேன். பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

“உங்க லீவை வெட்டிடுவாங்களேண்ணே.”

“வெட்டட்டும். என்னை எந்தத் தொட்டில் தேடுது? பாப்பாவைக் காட்டு.”

வீட்டுக்குக் கூப்பிட்டான். “மத்தியானத் தூக்கம்ண்ணே,” என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு போனை நீட்டினான். மூன்று சதவீதம்தான் மிச்சம். என் மேசைப் பிளக்கில் என் போன் இருந்தது. அது எப்போதும் நூறுதான்; கூப்பிட ஆளில்லை. அதைப் பிடுங்கிவிட்டு அவனுடையதைச் செருகி, கிரீஸ் டப்பாவில் சாய்த்து நிறுத்தினேன்.

வெளியே லாரி எஞ்சின் கிறீச்சிடாமல் சீராக ஓடிக்கொண்டிருந்தது. பாப்பா விழித்துவிடுமென்று அவன் ஓடிப்போய் அதை அணைத்துவிட்டு வந்தான். கைக் கரியைத் துடைக்காமல் இருவரும் நின்றோம். திரையில் ஒரு சின்ன முஷ்டி விரிந்து மூடியது. எங்கிருந்தோ ஒரு பெண்ணின் கை வந்து, போர்வையை இழுத்துவிட்டு, அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.