ரொம்ப நைசா அரைக்காதே

மூடியைப் போடாமல் சின்னவன் மிக்ஸியைத் திருகியதும் கஞ்சி ஜாரிலிருந்து எழும்பி, தண்ணீர் கேட்க அடுப்படிக்குள் எட்டிப் பார்த்த அப்பாவின் ஆபீஸ் டைரக்டரின் வெள்ளைச் சட்டையில் போய் உட்கார்ந்தது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மிக்ஸி போட்ட சத்தத்தில் கூடத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒரே மூச்சில் அழுகையை நிறுத்தினார்கள்.

கஞ்சியைக் குடிக்க வேண்டியவர் கூடத்தில்தான் வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்தார். காலையிலேயே போய்விட்டார்.

சின்னவனுக்கு அப்போதுதான் உறைத்தது. சில மாதங்களாக இந்த நேரத்துக்கு அப்பாவுக்குக் கஞ்சி அரைத்துப் பழகிய கை, அவனை ஒரு வார்த்தை கேட்காமல் அதுபாட்டுக்கு அரைத்துவிட்டது. மற்ற வேலைகளில் இந்தச் சுறுசுறுப்பை அது காட்டியதே இல்லை.

"வந்தவங்களுக்கு ஏதாவது குடிக்க..." என்று இழுத்தான்.

டைரக்டர் சட்டையில் இருந்ததை விரலால் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார். "ரொம்ப நைசா அரைச்சிருக்கியே தம்பி. உங்கப்பா பாத்தா திட்டுவாரு."

திட்டியிருக்கிறார். கால்நடைத் தீவன ஆராய்ச்சி நிலையத்தில் அப்பாவின் சர்வீஸ் முழுக்க அரைபட்டது அந்த ஒரே விஷயம்தான்: கறவை மாட்டுக்கு வைக்கோலை எவ்வளவு நீளத்துக்கு நறுக்கலாம், எந்த அளவுக்கு மேல் பொடியாக்கக் கூடாது. பொடியாக்கிப் போட்டால் மாடு அசை போடாது. அசை போடாவிட்டால் எச்சில் ஊறாது, வயிறு புளிக்கும், பாலில் கொழுப்பு இறங்கும். இவ்வளவும் கட்டுரையில் வந்தது. "அசை போடாத மாட்டுக்கு மனசு சரியில்லைன்னு அர்த்தம்" என்ற வரியை மட்டும் டைரக்டர் அடித்துவிட்டார். அந்தக் கோபம் அப்பாவுக்குக் கடைசிவரை தீரவில்லை.

பக்கவாதம் வந்து, விழுங்கத் தடுமாற ஆரம்பித்ததும், எல்லாவற்றையும் அரைத்தே கொடுக்கச் சொன்னார் டாக்டர். "மாட்டுக்குக்கூட இப்படி அரைச்சுப் போட்டதில்லடா நான்" என்று ஒவ்வொரு டம்ளருக்கும் முனகினார் அப்பா.

இன்று காலை முனகவில்லை, கெஞ்சினார். "கடிக்கற மாதிரி ஏதாவது குடுடா."

அம்மா குளியலறையில். அக்கா ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடிந்து இன்னும் வரவில்லை. சின்னவன் ஒரு கேரட்டில் துண்டு நறுக்கி அப்பா வாயில் வைத்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டார். தாடை மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்தது. அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு ஓடினான். திரும்பி வந்தபோது தாடை நின்றிருந்தது.

மிச்சக் கேரட் அப்போதிலிருந்து அவன் சட்டைப் பையில்தான் இருக்கிறது. கொலைகாரர்கள் தடயத்தை ஒழித்துக்கட்டுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறான். இவன் நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்தான்.

வந்து பார்த்த டாக்டரிடம், "திடீர்னு எப்படி டாக்டர்?" என்றான். "வயசாச்சே தம்பி. மனசத் தேத்திக்குங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டார். இப்போது டைரக்டரைப் பிடித்தான்.

"சார், மாட்டுக்குத் தொண்டையில ஏதாவது சிக்கினா எப்படித் தெரியும்?"

கஞ்சியை மறந்து டைரக்டர் உற்சாகமாகிவிட்டார். "கழுத்த நீட்டும். வாயில நுரை தள்ளும். ஒரு இடத்துல நிக்காது. வயிறு உப்பிடும். ஏன், மாடு வாங்கியிருக்கியா?"

"இல்ல சார். சும்மா, பொது அறிவுக்கு."

அவர் தண்ணீர்ச் சொம்போடு போனதும் அக்கா உள்ளே வந்தாள். அப்பாவைத் துடைத்து, சட்டை மாற்றி, தாடையைக் கட்டிவிட்டது அவள்தான். தரையில் சிதறிய கஞ்சியைப் பார்த்துவிட்டுத் துணியை எடுத்தாள்.

"அப்பா வாயை நீதானே துடைச்சே?" என்றான் சின்னவன். "புதையல் ஏதாவது கிடைச்சுதா?"

"காலையிலேர்ந்து ஜோக்காவே அடிக்கறே. கேக்கறத நேரா கேளுடா."

அவன் வாயைத் திறந்தான். வழக்கமாக வரும் ஜோக் வரவில்லை.

"நான்தான் கொன்னுட்டேனாக்கா?"

"இல்ல."

துணியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "டார்ச் அடிச்சுப் பாத்தேன். தொண்டையில ஒண்ணுமில்ல. கேரட் கன்னத்துல ஒதுங்கியிருந்துச்சு. சாறெல்லாம் போயி வெறும் நாரும் தோலும். மூச்சு முட்டிப் போறவங்க முகம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்டா. அப்பா முகம் அப்படியில்ல. மென்னுக்கிட்டே இருந்திருக்காரு, நெஞ்சு நின்னுடுச்சு. அவ்வளவுதான்."

"நான் குடுத்தேன்னு எப்படித் தெரியும்?"

"அம்மா குடுத்திருந்தா தோலு சீவியிருப்பா."

சின்னவன் சுவரோடு சரிந்து, கஞ்சி ஈரத்திலேயே உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்துப் பையிலிருந்து கேரட்டை எடுத்தான். ஒட்டியிருந்த நூலை ஊதிவிட்டு ஒரு கடி கடித்தான். அந்தச் சத்தம் கூடம்வரை கேட்டிருக்கும்.

அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினாள். அவன் பாதியை ஒடித்துக் கொடுத்தான். இருவரும் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி, அவசரமில்லாமல் மென்றுகொண்டிருந்தார்கள்.