விசிலர் எஞ்சினின் நீலக் கதவு

குட்டி எஞ்சினைப் பார்த்துவிட்டு மால்கம் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்த விதத்திலேயே ரோலண்டுக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்குக் கதை கந்தல் என்று.

"பச்சை எஞ்சின், சரி. அழுக்கு, அதுவும் சரி. இந்த நீலக் கதவு எங்கேருந்து வந்துது?"

"ஒர்க்‌ஷாப்லேருந்துதான். பழைய கதவு துருப்பிடிச்சுப் போச்சு. வேற எஞ்சின் கதவ கழட்டி மாட்டி அனுப்பிட்டாங்க. அதத் தொறந்துதானய்யா நான் வண்டி ஓட்ட ஏறினேன்!"

"போட்டோ இருக்கா?"

"நான் இருக்கேனே, போதாதா?"

"நீங்க இருக்கீங்க. போட்டோ இல்லையே" என்றார் மால்கம்.

மால்கம் கெட்ட மனிதர் அல்ல. நகராட்சியில் முப்பத்தைந்து வருடம் பதிவேடுகளோடு குடித்தனம் நடத்தியவர். ஓய்வு பெற்ற பிறகு அந்தப் புத்தியை அப்படியே கொண்டுவந்து மாதிரி ரயில் கழகத்தில் இறக்கிவிட்டார், அவ்வளவுதான். மெதடிஸ்ட் சர்ச்சின் பின்கூடத்தில், முப்பதடி நீளப் பலகையின் மேல், அவர்களுடைய யார்க்‌ஷயர் ஊரே இருந்தது. நிஜத்தில் ஓர் அடி, பலகையில் நாலு மில்லிமீட்டர். வருடம் 1973, மாதம் ஜூன். அந்த மாதத்தில் அந்த ஊரில் இல்லாத எதுவும் பலகையில் ஏறக் கூடாது. ஏற்ற வேண்டுமென்றால் புகைப்படம் காட்ட வேண்டும். நம்பர் பிளேட்டில் அடுத்த வருடத்து எழுத்து இருந்த குற்றத்துக்காக ஒரு விரல் நீளப் பேருந்து வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறது. இந்த விதிக்குக் கை தூக்கியவர்களில் ரோலண்டும் ஒருவர். அப்போது தன் தலையிலேயே வந்து விடியும் என்று யார் கண்டது!

"யோவ் மால்கம், அந்த வண்டிய ஓட்டின ஆளே சொல்றாரு. இதுக்கு மேல சாட்சிக்கு யாரக் கூட்டிட்டு வரணும், ராணியவா?" என்று கேட்டார் கீத். பலகையில் மின்விசைகளைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். எதற்கும் சிரிப்பார்.

"ஞாபகம் ஏமாத்தும் கீத். எனக்கும் ஏமாத்தும். ரோலண்ட், தப்பா நெனச்சுக்காதீங்க. அம்பது வருஷம் ஆச்சு. வேற எஞ்சினோட சேத்துக் குழப்பிட்டிருக்கலாம். கதவ மட்டும் பச்சை அடிச்சுக் கொண்டாங்க, சனிக்கிழமை கண்காட்சியில மொத வண்டி உங்களுதுதான்."

ரோலண்ட் எஞ்சினைப் பஞ்சில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். நாலு மாதம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு செய்தது. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பயம்தான் வந்தது.

அவருடைய அண்ணன் ஸ்டான்லிக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. பழைய வீட்டுக் கொல்லையில் பேரி மரம் இருந்தது என்று சாதித்தார். அப்படி ஒரு மரமே இருந்ததில்லை. எல்லோரும் சிரித்தார்கள், ரோலண்டும் சிரித்தார். இரண்டே வருடத்தில் ஸ்டான்லி தன் மகளைப் பார்த்து, 'நீங்க யாரம்மா?' என்று கேட்டார். ரோலண்டுக்கு இப்போது எழுபத்தொன்பது. அந்தக் கதவின் பிடியில் கை வைத்தால் உள்ளங்கையில் ஏறும் குளிர்ச்சிகூட அவருக்கு நினைவிருந்தது. அது பொய் என்றால் வேறு எது மெய்?

வீட்டில் மனைவி டோரீன் மாவுக்குள் இறைச்சி பொதிந்து சுட்டிருந்த பண்டம் தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. அவர் முட்கரண்டியால் அதன் ஓரத்தைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"என்ன, பொம்மை ரயில் கவுந்துடுச்சா?" என்றாள் டோரீன். இருபது வருடமாக அவளுக்கு அது பொம்மை ரயில்தான். கழகத்தின் வாசற்படியை ஒரு நாளும் மிதித்ததில்லை.

"கிண்டல் பண்ணாத."

"சரி பண்ணல. சொல்லு கண்ணு."

அவர் சொன்னார். கதவைப் பற்றி ஆரம்பித்து ஸ்டான்லியில் வந்து நின்றார்.

டோரீன் அவரையே பார்த்தாள். "நீலம்தான்" என்றாள்.

"என்ன, ஆறுதலுக்குச் சொல்றியா?"

"உனக்கு ஆறுதல் சொல்லி எனக்கு என்ன ஆகப்போவுது? நீலம்னா நீலம்தான்." எழுந்து மாடிக்குப் போனாள். தையல் மெஷின் இழுப்பறை திறக்கும் சத்தமும், அதை மூட முடியாமல் அவள் திட்டும் சத்தமும் கேட்டன. இறங்கி வந்து ஒரு பழுப்பு உறையை அவருடைய தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

உள்ளே ஒரே ஒரு வண்ணப் படம். இருட்டில் கிடந்ததால் நிறம் போகவில்லை. சுண்ணாம்புக்கல் வண்டி, ஓடும்போது விசிலடிப்பதால் விசிலர் என்று பெயர் வாங்கிய அந்த அழுக்குப் பச்சை எஞ்சின், அதில் பளிச்சென்று ஒரு நீலக் கதவு.

ரோலண்ட் சத்தமாகச் சிரித்தார். கண்ணில் நீர் முட்டியது. டோரீனின் கன்னத்தில் முத்தமிட்டார், படத்துக்கும் ஒன்று கொடுத்தார், பிறகு ஆறிப்போன பண்டத்தை ஒரு துணுக்கு விடாமல் சாப்பிட்டார். கதவைப் பார்த்தார், சக்கரங்களைப் பார்த்தார், கூரையின் புகைக் கறையைப் பார்த்துத் தான் கறையைச் சிறிதாக வைத்துவிட்டதாக நொந்துகொண்டார். இந்தப் படம் எப்படி இவளிடம் வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. ரயில்காரர்களின் லட்சணம் அப்படி.

மால்கம் மட்டும் அதைக் கேட்காமல் விடுவாரா?

சனிக்கிழமை காலை கூடத்தில் கூட்டம் நிரம்பிவிட்டது. டீ வாசனையும் சூடான மோட்டார் வாசனையும் கலந்து வந்தன. மால்கம் பூதக்கண்ணாடியோடு படத்தின் மேல் கவிழ்ந்து கிடந்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது.

"ரோலண்ட், நான் உங்க கிட்ட மன்னிப்புக் கேக்கணும். கேட்டுட்டேன். ஆனா அட்டை எழுதணும்."

எந்தப் படம் வந்தாலும் அதற்கு ஓர் அட்டை உண்டு. எடுத்தவர், நாள், இடம், எடுக்கப்பட்ட பொருள் எல்லாவற்றையும் எழுதிக் கையொப்பம் வாங்கினால்தான் அது சாட்சி. அட்டை இல்லாமல் வண்டி நகராது.

"எடுத்தவர் யாரு?"

ரோலண்ட் திருதிருவென்று விழித்தார். "எம் பொண்டாட்டியக் கேக்கணும்."

"நல்ல ஆளு போ!" என்றார் கீத். "கதவ அம்பது வருஷம் ஞாபகம் வெச்சிருக்காரு. பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை கேக்க மறந்துட்டாரு."

டோரீன் வந்திருந்தாள். கழகத்துக்குள் முதல் தடவையாக நுழைந்து, நல்ல கோட்டு போட்டுக்கொண்டு, டீ மேசைக்குப் பக்கத்தில் நின்று பொம்மை ஊரை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தாள். மால்கம் நாற்காலி எடுத்துப் போட்டார்.

"நீங்க எடுத்ததாம்மா?"

"ஆமா. கேமரா எங்கூட மில்லுல வேலை பார்த்த மாவிஸோடது."

"எந்த நாள்னு சுமாரா..."

"சுமார் என்ன சுமார்? ஜூன் பன்னெண்டு, செவ்வாக்கிழமை, மத்தியானம் ரெண்டு பத்து."

மால்கமின் பேனா ஒரு கணம் நின்றது. இப்படி ஒரு சாட்சி அவருக்கு இதுவரை வாய்த்ததில்லை. "இடம்?"

"கம்பளி மில்லோட பின்பக்கம், வேலி ஓரம். குப்பை கொட்டப் போறேன்னு சொல்லிட்டு ஓடி வருவேன். இவரு வண்டி செவ்வாயும் வியாழனும் அந்த வழியா வரும். எங்க கல்யாணம் ஆன புதுசு. மில்லுப் பொண்ணுங்க எல்லாம் என்ன ஓட்டோ ஓட்டுன்னு ஓட்டுவாளுங்க."

"எல்லா வாரமுமா?" என்றார் ரோலண்ட்.

"மில்லு மூடுற வரைக்கும். ஏழு வருஷம்."

மால்கம் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். 'எடுக்கப்பட்ட பொருள்' என்ற இடத்தில் எஞ்சின் வகை, பச்சை வண்ணம், நீலக் கதவு, சுண்ணாம்புக்கல் வண்டி என்று அழகான கையெழுத்தில் நிரப்பி, கையொப்பத்துக்காக அட்டையைத் திருப்பி நீட்டினார்.

டோரீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். "இது தப்பு" என்றாள். "அடிச்சிடுங்க."

"தப்பா? எது தப்பு?"

"நான் எஞ்சினப் படம் எடுக்கல. இவரத்தான் எடுத்தேன்."

ரோலண்ட் மேசைமேல் இருந்த படத்தைக் கையில் எடுத்தார். மூன்று நாளாக நூறு தடவை பார்த்த படம். நீலக் கதவுக்கு முன்னால் ஓட்டுநரின் ஜன்னல் இருந்தது. அதில் ஓர் இளைஞன், தொப்பியைப் பின்னுக்குத் தள்ளி, உதட்டைக் கடித்துக்கொண்டு நேர் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். ஜன்னலுக்கும் கேமராவுக்கும் நடுவில் பத்தடிகூட இருக்காது.

"நான் ஒன்னப் பாக்கவே இல்லையே, டோரீன். ஒரு தடவகூடப் பாக்கலையே. நீ ஏன் சொல்லவே இல்ல?"

"சொல்லியிருந்தா திரும்பிப் பாத்திருப்ப" என்றாள் அவள். "மில்லு தாண்டினதும் வளைவுல சிக்னல் மூணு செகண்டுதான் கண்ணுக்குத் தெரியும், அத விட்டா பின்னாடி ஐந்நூறு டன் கல்லோட எங்க போய் நிப்பேன்னு எனக்கே தெரியாதுன்னு நீதான சொன்ன, கல்யாணம் ஆன மொத வாரத்துல? எனக்கு நீ வீட்டுக்கு வந்து சேரணும். நான் ஒன்னப் பாத்தா போதும்னு இருந்துட்டேன்."

கீத்தின் சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. மால்கம் தான் எழுதியதை ஒரே கோடாக அடித்தார். அதற்குக் கீழே, 'ரோலண்ட் பிக்கர்ஸ்கில், ஓட்டுநர்' என்று எழுதினார். சற்று யோசித்துவிட்டு, 'புகைப்படம் எடுத்தவரின் கணவர்' என்று சேர்த்தார். டோரீன் கையொப்பமிட்டாள்.

"மொத வண்டி கிளம்பலாம்" என்றார் மால்கம்.

கீத் விசையைத் திருப்பினார். எஞ்சின் மெல்லிய விசிலோடு நிலையத்தை விட்டு நகர்ந்தது. நீலக் கதவு தெரிந்ததும் கூட்டம் முன்னால் நெருங்கியது. பலகையில் இருந்த கம்பளி மில்லின் பின்பக்கம் வண்டி வளைந்தபோது எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள், ரோலண்டைத் தவிர. அவர் தன் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி முழுதும் கடந்து போகும்வரை கண்ணை எடுக்கவில்லை.